லாஸ்தா தண்ணீர் குடிக்கிறது

ஜூன் 3

இன்று அப்பாவிடம் சொல்லவில்லை.

படகின் அடியில் பழைய பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அடிமரத்தை ஒட்டிய பலகையின் ஓரத்தில் ஸ்க்ரூடிரைவர் நழுவியது. நழுவிய இடத்தில் மரம் தடுக்கவில்லை. பாலாடைக்கட்டியில் இறங்குவதுபோல் முனை உள்ளே போனது. அப்பா பின்பக்கம் குந்தியிருந்து பலகை இடுக்குகளில் பஞ்சுத்திரி அடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன நேவா, சத்தத்தையே காணோம்? தூங்கிட்டியா?"

"கை வலிக்குதுப்பா" என்றேன்.

அது அவர் மாற்றிய பலகை. கண் மங்கிவிட்டது என்று தீவுக் கப்பலின் கேப்டன் வேலையிலிருந்து அவரை இறக்கிவிட்ட குளிர்காலத்தில், தனியாகவே செதுக்கிப் பொருத்தினார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "கண்ணு எதுக்கு, கை போதும்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் எங்கள் படகு லாஸ்தா தரையிலேயே கிடந்தது.

ஜூன் 4

பெயின்ட் முடிந்தது. அந்த இடத்தில் மட்டும் இரண்டு பூச்சு. யாருக்காக?

ஜூன் 11

லாஸ்தாவை இறக்கினோம். அரை மணியில் உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். யாரும் பதறவில்லை. இரண்டு வருடம் காய்ந்த மரம், முதல் சில நாள் நீர் ஏறத்தான் செய்யும், ஊறி உப்பியதும் இடுக்குகள் தாமே மூடிக்கொள்ளும். படகுத்துறையில் போவோர் வருவோர் எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான்: "குடிக்கட்டும், விடு."

அப்பாவின் பழைய கூட்டாளி கிர்கூர் மாமா மட்டும் கூடுதலாக ஒன்று சொன்னார்: "கவலப்படாத பொண்ணே. உங்கப்பனவிடக் கம்மியாத்தான் குடிக்குது."

ஆகஸ்டில் புனித ரோக்கோ திருநாளன்று பாய்மரப் போட்டி. அப்பாவும் கிர்கூர் மாமாவும் லாஸ்தாவில் போகிறார்கள். அப்பா இன்று முகச்சவரம் செய்துகொண்டார். எத்தனை மாதத்துக்குப் பிறகு!

ஜூன் 15

குறையவில்லை.

ஜூன் 19

எல்லா இடுக்கிலும் கசிந்தால் அது தாகம். ஒரே இடத்தில் வந்தால்? தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. காலையில் தண்ணீரை இறைத்து, ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்து, துணியால் துடைத்து, படகின் அடிவயிறு முழுக்க மாவு தூவினேன். காத்திருந்தேன். மற்ற இடுக்குகள் எல்லாம் காய்ந்தே இருந்தன. அந்தப் பலகையின் ஓரத்திலிருந்து மட்டும் ஈரக்கோடு ஒன்று மாவைக் கரைத்துக்கொண்டு நிதானமாக வந்தது.

மேலே துறையிலிருந்து கிர்கூர் மாமாவின் குரல். "என்ன பொண்ணே, படகையே பொரிக்கப் போறியா?"

சிரித்துவிட்டு மாவைத் துடைத்தேன்.

ஜூன் 27

இப்போதெல்லாம் அப்பா எழுவதற்கு முன்பே போய் இறைத்துவிடுகிறேன். பிறகு பஸ் பிடித்து நூலகத்துக்கு வேலைக்கு ஓடுகிறேன். அவர் காபி குடித்துவிட்டுப் போய்ப் பார்க்கும்போது உள்ளே வெறும் ஈரம்தான். அவர் மனம் உடையக்கூடாது என்றுதான் தொடங்கினேன்.

இன்று சாப்பிடும்போது, "பாத்தியா, தாகம் தீர்ந்துபோச்சு" என்றார். என் வாளியை நம்பிச் சொல்கிறார்.

ஜூலை 8

கிர்கூர் மாமாவுக்கு நீச்சல் தெரியாது. அப்பாவுக்கு எதிரே வரும் படகு தெரியாது. தீவுகளுக்கிடையே நடுக்கடலில் மதியக் காற்று ஏறிவிட்டால்?

நாவல்களில் ஒருத்தி உண்மையை மறைத்தால் அடுத்த அத்தியாயத்திலேயே புயல் வந்துவிடும். இங்கே கடல் தட்டுப்போல் கிடக்கிறது. ஒவ்வொரு நாளும் இன்னொரு நாள் தள்ளிப்போட இடம் கொடுக்கிறது.

ஜூலை 21

நாளை பாய் ஏற்றிப் பழகப் போகிறார்களாம்.

ஜூலை 21, மறுபடி

சொல்லிவிட்டேன்.

"அது தாகம் இல்லப்பா. நான்தான் தினமும் எறைக்கிறேன். ஓட்ட இருக்கு."

"எங்க?"

"அடிமரத்துகிட்ட. நீங்க போட்ட பலகை."

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். தட்டு நிறையத் துணுக்கு. "கண்ணுனு சொல்ல வர்ற."

நான் துணுக்குகளைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

"சொல்லித் தொலையேன்!"

"ஆமா. கண்ணுதான்."

எழுந்து போய்விட்டார். ஐயோ, ஏன் அப்படி வெட்டென்று சொன்னேன்? வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

ஜூலை 22

பழகப் போகவில்லை. என்னோடு பேசவும் இல்லை. காபியை அவரே போட்டுக்கொண்டார், ஒரே ஒரு கோப்பை.

ஜூலை 23

காலையில் இறைக்கப் போனேன். அப்பாவின் செருப்பு துறையில் கிடந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் படகுக்குள் உட்கார்ந்திருக்கிறார். இறைக்கவே இல்லை. தண்ணீர் அவர் கெண்டைக்கால் வரை, தளப்பலகைகள் மிதந்துகொண்டிருந்தன. கையை அடியில் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"இங்க குளிர்ச்சியா வருது" என்றார், என்னைப் பார்க்காமல்.

கிர்கூர் மாமா ரொட்டிப் பையோடு வந்தார். "என்ன கேப்டன், இன்னுமா குடிக்குது?"

"குடிக்கல. முழுகுது. போய் கிரேன்காரனக் கூப்பிடு."

"அப்ப போட்டி?"

"நீ நீந்திப் போ."

கிர்கூர் மாமா கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே கிரேன்காரன் வீட்டுக்கு ஓடினார். நான் வாளியை எடுத்தேன். அப்பா இன்னொரு வாளியை எடுத்தார்.

ஜூலை 26

பலகையைக் கழற்றினோம். பாதி ஆணிகள் அடிமரத்தைத் தொடவே இல்லை, விளிம்பைத் தாண்டி வெறும் வெளியில் இறங்கியிருந்தன. பிடிப்பில்லாத அந்தச் சந்தில் மழைநீர் தங்கி மரம் உளுத்திருக்கிறது. அப்பா ஒவ்வொரு ஆணியாகக் கட்டைவிரலால் தடவினார். தொட்டவற்றையும் தடவினார், தொடாதவற்றையும் தடவினார். கடைசியில் "ம்" என்றார். அவ்வளவுதான். நான் எந்த ஆறுதலும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16

போட்டி. நாங்கள் கரையில், லாஸ்தாவின் வயிற்றுக்கடியில். அடிமரத்தில் உளுத்ததைச் செதுக்கி ஒட்டுக் கொடுத்தாயிற்று. புதுப் பலகையை அப்பா தோளால் முட்டுக்கொடுக்க, ஆணி அடித்தது நான். கிர்கூர் மாமா நிழலில் படுத்து எங்கள் இருவரையும் வைதுகொண்டிருந்தார்.

கடல்பக்கம் பட்டாசு வெடித்தது. புறப்பட்டுவிட்டார்கள்.

சுத்தியலைப் பிடித்தபடியே இருந்தேன். "போய்ப் பாரு" என்றார் அப்பா. பிறகு, மெதுவாக: "பாத்துச் சொல்லு. எனக்கு ஒரே வெள்ளையாத்தான் தெரியுது."

இதுவரை அவர் என்னிடம் அதைச் சொன்னதில்லை. வெளியே வந்து நின்று சொன்னேன்: எந்தப் பாய் முன்னால், யார் காற்றைத் தவறவிட்டார்கள், முனையை ஒட்டி யார் திரும்பினார்கள் என்று. நடுவில் எங்காவது நிறுத்தினால் "அப்புறம்?" என்றார்.

அக்டோபர் 5

போன மாதக் கடைசியில் லாஸ்தாவை இறக்கினோம். கொஞ்ச நாள் எல்லா இடுக்கிலும் கசிந்தது, பிறகு நின்றது. இன்று எதிர்த்தீவு வரை போய் வந்தோம். அப்பா பாய்க்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். சுக்கானில் நான் இருந்தேன்.