அப்படியே இருக்கிறது என்றார்கள்

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்காரர் ஒரு கட்டைப்பையைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். உள்ளே உங்கள் முகம் இருந்தது. வெந்நீரில் இளக்கி, உங்கள் முகத்தின்மேல் இழுத்துப் பதித்து எடுத்த, கதிர் சிகிச்சையின்போது தலை அசையாமல் பிடித்துவைக்கும் அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் வலை. மூக்கு அச்சாக உங்கள் மூக்கு. "வீட்ல வெச்சுப் பாக்க முடியலம்மா. தூக்கிப் போடவும் மனசு வரல" என்றார். வாங்கிக்கொண்டேன். அன்று ஏறிய கோபம் இதை எழுதும் இந்த நேரம்வரை இறங்கவில்லை.

மார்பில் வந்து மூளைக்குப் போன கட்டி. பெங்களூர் ஆஸ்பத்திரியில் நாம் காத்திருந்த இடத்தில் டிவி ஓயாமல் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தது. கத்தி இல்லை, ரத்தம் இல்லை, அன்றே வீடு திரும்பலாம். கட்டியைக் கதிரால் சுடும் அந்த ரோபோ கையைப் பார்த்து, "நம்ம வெல்டிங் லைன்ல இருக்கிறதோட அண்ணன்டி இது" என்று என் காதில் சொல்லிச் சிரித்தீர்கள்.

சிகிச்சை முடிந்து வெளியே வந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை. "நம்ம லைன்ல ரோபோவச் சுத்தி இருக்கற வேலிக் கதவத் தொறந்தாலே கை நின்னுடும். ஆளு உள்ள இருந்தா அது அசையவே கூடாது. இங்க என்னை உள்ள படுக்க வெச்சு, மூஞ்சியக் கட்டிட்டு, அவங்கெல்லாம் வெளிய போய்க் கதவச் சாத்திக்கிட்டாங்க."

நம் ஓசூர் தொழிற்சாலையில் இத்தனை வருடம் அந்த வேலிக்கு வெளியே நின்று, உள்ளே எட்டிப் பார்த்தவர்களை எல்லாம் அதட்டியவர் நீங்கள். கேமராவில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவோம் என்று ஒரு வார்த்தை சொல்ல அந்த ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு வாய் வலித்ததா? கையெழுத்து வாங்க மட்டும் தமிழ், கன்னடம், தெலுங்கு என எந்த மொழியிலும் ஆள் இருந்தார்கள்.

அடுத்த கூத்து வேப்பனப்பள்ளியில், உங்கள் வீட்டில். ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்த சொந்தம் எல்லாம் தையலைத் தேடியது. உங்கள் நாத்தனார் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கம்மா ஆபரேசன்? ஒரு கீறலு கூட இல்லியே?" என்றார். கீறல் இல்லாதவளுக்கு எதற்கு ஓய்வு? மாங்காய் பறிக்க வந்தவர்களுக்கு நீங்கள்தான் சோறாக்கினீர்கள். அசதி ஆளைத் தள்ளும், தலை வலிக்கும், உள்ளே வீங்கலாம் என்று அவர்களுக்கும் யாரும் சொல்லவில்லை. நான் சொன்னதை யார் காதில் வாங்கினார்கள்?

சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி அதே அளவில் இருந்தது. "அப்படியே இருக்கு" என்று சொல்லிவிட்டு, அந்த டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். திரும்பும் வழியில், குருபரப்பள்ளி டீக்கடையில், "அவ்ளோ பெரிய மிசினுக்கே அடங்கல. இனிமே எதுக்குடி அலையணும்?" என்றீர்கள். அதோடு ஸ்கேனுக்குப் போவதையே விட்டுவிட்டீர்கள். கெஞ்சினேன், திட்டினேன், நீங்கள் அசையவில்லை.

பிறகு ஒருநாள் மயங்கி விழுந்த உங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, வேறொரு டாக்டர் படத்தைக் காட்டி விளக்கினார். பழைய கட்டி வளரவே இல்லை, சிகிச்சை பலித்திருக்கிறது, வளராமல் நிற்பதே நல்ல சேதிதான் என்றார். இப்போது உங்களைச் சாய்த்தது மூளையில் வேறு இடத்தில் புதிதாக வந்த கட்டியாம். விடாமல் வந்திருந்தால் சிறியதாக இருக்கும்போதே பார்த்திருக்கலாமாம். பக்கத்தில்தான் படுத்திருந்தீர்கள். கேட்க உங்களுக்கு நினைவு இல்லை. ஜெயித்ததைத் தோற்றதாக நினைத்துக்கொண்டே போய்விட்டீர்கள், அக்கா. இதற்காக நான் யாரையும் மன்னிப்பதாக இல்லை.

இன்று பெயிண்ட் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். அவளுக்கும் அதே சிகிச்சை, அடுத்த வாரம். கேன்டீன் மேசையில் உங்கள் வலையை வைத்து, கையைத் தூக்குவதிலிருந்து அசதிவரை எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஸ்கேன்ல கட்டி அப்படியே இருந்தா?" என்று கேட்டாள்.

"வளராம இருந்தா சந்தோசப்படு. ஆனா அடுத்த ஸ்கேனுக்குக் கண்டிப்பாப் போகணும். எது புரியலன்னாலும் டாக்டரைக் கேக்காம எந்திரிச்சு வராத."

அவள் வலையின் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். "இது யாரோடதுக்கா?"

"இதையெல்லாம் யாரும் சொல்லிக் கேக்காமலே போயிட்ட ஒரு அக்காவோடது" என்றேன்.