பதிலுக்கு விட்டிருந்த இடம்

அண்ணா,

இன்று காலை உங்கள் பெயருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது, என் முகவரிக்கு. "ரொம்ப நாளாக உங்களைக் காணவில்லையே, இன்று ஐந்து நிமிடம் ஜெர்மன் படிக்கலாமா?" என்று கேட்கிறது அந்த இலவச ஆப். உங்களிடம் மின்னஞ்சல் இல்லை என்று என்னுடையதைக் கொடுத்துக் கணக்கைத் தொடங்கியவன் நான்தான். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அது அந்த ஆப்புக்குத் தெரியாது. நிறுத்துவதற்கு ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அமுக்காமல் வேலைக்கு வந்துவிட்டேன்.

ஜெகதளா பக்கமிருந்து நீங்கள் தேயிலை ஃபேக்டரிக்கு இலை லாரி ஓட்டினீர்கள். நான் அங்கே எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ். ஒரு நாள் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தபோது என் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றீர்கள்.

"ஏனுங் தம்பி, இந்த ஜெர்மன் பாசை ஓசியில எங்கியாச்சும் சொல்லித் தராங்களா?"

"எதுக்குங்ண்ணா?"

"உங்கக்கா கூப்புடறா. பரிச்சை பாஸ் பண்ணாம விசா குடுக்க மாட்டாங்களாமா."

உங்கள் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஓவேலி ஊர்க்காரர். நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போய் அப்போதே இரண்டு வருடம் ஆகியிருந்தது. வாழ்க்கைத்துணையாக அங்கே போக வேண்டுமென்றால் ஆரம்ப நிலைத் தேர்வில் தேறிய சான்றிதழ் வேண்டும். கோயம்புத்தூர் போய் வகுப்பில் உட்கார உங்களுக்கு லீவு கிடையாது. நான் எப்போதும்போல் முகத்துக்கு நேராகச் சொன்னேன்: "பத்தாவதோட நின்னவரு, கிளாஸும் போக மாட்டீங்க. கஷ்டம்ங்ண்ணா."

"கஷ்டம்னுதானுங்க தம்பி உங்ககிட்ட வந்தேன்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு வாரம் இணையத்தைச் சலித்தேன். இலவசம் என்று போட்டிருந்ததில் பாதி, மூன்றாவது பாடத்தில் கார்டு எண் கேட்டது. மீதியில் தேறியவை மூன்று: வார்த்தை பழக அந்த ஆப், கரும்பலகை முன்னால் நின்று பொறுமையாகச் சொல்லித்தரும் ஒரு அம்மாவின் வீடியோக்கள், ஏதோ ஒரு வெளிநாட்டு வானொலி வெளியிட்டிருந்த ஒலிப்பாடங்கள். ஓட்டும்போது போனைப் பார்க்க முடியாது, தேயிலைக்காட்டு வளைவுகளில் சிக்னலும் இருக்காது. அதனால் ஒலிப்பாடங்கள்தான் உங்களுக்குச் சரி என்று முடிவு செய்தேன். எல்லாவற்றையும் இறக்கிப் பென் டிரைவில் போட்டு, லாரியின் பாட்டுப்பெட்டியில் செருகிக் கொடுத்தேன்.

ஆனால் ஒரு பாடம் அரை மணி நேரம். எடை போடும் கொட்டகையிலிருந்து ஃபேக்டரிக்கு உங்கள் ஓட்டம் இருபது நிமிடம். ஒரு பாடம்கூட ஒரு நடைக்குள் முடியவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. கேட்டுப் பார்த்தால் அந்தப் பாடங்களில் நடுநடுவே நிறைய வெற்றிடம், யாருமே பேசாத ஐந்து விநாடி, ஆறு விநாடி. வீண் என்று நினைத்தேன். கணினியில் நாலு வரி நிரல் எழுதி, சத்தமில்லாத இடங்களையெல்லாம் வெட்டினேன். அரை மணி நேரம் பதினெட்டு நிமிடமானது. ஒரு நடைக்கு ஒரு பாடம். எனக்கு அவ்வளவு பெருமை.

உங்களுக்கும்தான். "மூச்சுடாமப் பேசறானுங்க தம்பி, ஆனாப் புரியுது" என்றீர்கள். கேட்டுக் கேட்டு உங்களுக்கு எல்லாமே தெரிந்துவிட்டது. லோடு ஏற்றும் செல்வம் கிண்டல் செய்வார்: "டிரைவரண்ணா, இன்னிக்கு வண்டி தமிழ்ல போகுதா, ஜெர்மன்ல போகுதா?" நீங்கள், "தமிழ்ல போனா ஏத்தம் ஏற மாட்டீங்குது" என்பீர்கள். எடை போட வந்த பெண்கள் சாக்கை இறக்கிவிட்டு, பெட்டியில் கேட்ட வணக்கத்தை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பார்கள்.

முதல் தேர்வில் நீங்கள் தேறவில்லை.

மறுநாள் லாரியில் உங்கள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, என்னதான் நடந்தது என்று அதட்டாத குறையாகக் கேட்டேன். நீங்கள் சொன்னது சொல் மாறாமல் நினைவிருக்கிறது.

"எழுத்து சுமாருங்க. பேசச் சொல்றப்பத்தான் போச்சு. அந்தம்மா கேட்டுப்போட்டு என்ற மூஞ்சியப் பாத்துது. நானும் அந்தம்மா மூஞ்சியப் பாத்தேன். நம்ம பெட்டியில கேள்வி கேட்டா அடுத்தது பதிலு அதுவா வந்துருமில்லீங்க? அன்னிக்கு வரல."

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. அந்த வெற்றிடங்கள் நீங்கள் வாயைத் திறப்பதற்காக விடப்பட்டவை. கேள்வி, இடைவெளி, பிறகு சரியான பதில். நான் நடுவிலிருந்ததை எடுத்துவிட்டேன். ஒரு வருடம் முழுக்க நீங்கள் ஒரு சொல்கூடப் பேசாமல் ஜெர்மன் படித்திருக்கிறீர்கள். ஒருமுறையாவது உங்களைப் பேசச் சொல்லிக் கேட்டேனா? இல்லை. எத்தனையாவது பாடம் என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

நான் செய்ததைச் சொன்னேன். இரண்டு வளைவுகளைத் தாண்டினீர்கள். கியரை மாற்றிவிட்டு, "அது நாம பேசறதுக்கு உட்ட எடமுங்களா?" என்றீர்கள். பிறகு, "செரி, இந்தத் தடவ வெட்டாமக் குடுங்க."

வெட்டாமல் கொடுத்தேன். அடுத்த தேர்வுக்கு இடம் கிடைக்க ஐந்து மாதம். தினமும் நீங்கள் பேசியதை லாரியிலேயே பதிந்து எனக்கு அனுப்பினீர்கள். நான் திருத்தி அனுப்பினேன். பெரும்பாலும், "இன்னும் வேகமாச் சொல்லுங்க" என்றுதான். இரண்டாம் முறை தேறினீர்கள். செல்வம் லாரி கண்ணாடிக்கு மாலை போட்டார். விசாவுக்கு எழுதிப் போட்டு, நேரில் வரச் சொன்ன தேதிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, காலையில் வண்டி எடுக்கக் கிளம்பியவர் வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

கணக்கு எளிது. முதல் முறையே தேறியிருந்தால் அந்த ஐந்து மாதத்தில் அக்காவிடம் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நெஞ்சுவலி அங்கேயும் வந்திருக்கலாம் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். வந்திருக்கலாம். அக்கா பக்கத்தில் இருந்திருப்பார். நர்ஸ் வேறு.

அக்கா வந்து சேர மூன்று நாள் ஆனது. காரியமெல்லாம் முடிந்த பிறகு அவரிடம் போய் நின்று, வெட்டிய கதையைச் சொன்னேன்.

"தெரியும் தம்பி. அவரு போன்ல சொல்லிச் சிரிச்சாரு" என்றார். கொஞ்சம் கழித்து, "எனக்குச் சிரிப்பு வரல. இப்பவும் வரல."

நான் தலையாட்டினேன்.

கிளம்பும்போது அவரே கூப்பிட்டு, "அவரு பேசி அனுப்பினதெல்லாம் உங்கிட்ட இருக்குமில்ல? எனக்கு அனுப்பி விடு" என்றார்.

அன்று மாலை எல்லாவற்றையும் கணினியில் திறந்தேன். இன்ஜின் இரைச்சல், இருமல், செல்வத்தின் கெட்ட வார்த்தை, நீங்கள் பதிலைத் தேடித் திணறும் இடங்கள். பழக்கதோஷம், கை அதுவாகவே சுத்தம் செய்யப் போனது. கையை எடுத்துவிட்டேன். வந்தது வந்தபடியே அனுப்பினேன்.

ஒரு பிரதியை நான் வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒன்றாவது கேட்கிறேன். எந்த இடத்தையும் வேகமாக ஓட்டிவிட்டுக் கேட்பதில்லை. அதில் ஒன்றில், "உங்கள் மனைவி எங்கே வசிக்கிறார்?" என்று ஜெர்மனில் கேட்கிறது பாடம். உங்கள் பதில் வர ஒன்பது விநாடி ஆகிறது. லாரி ஏற்றத்தில் முனகுகிறது. நீங்கள் மூச்சை இழுப்பது கேட்கிறது. பிறகு, நிதானமாக, பிழையே இல்லாமல் அக்காவின் ஊரைச் சொல்கிறீர்கள்.