ஓட்டு எண்ணுவதற்கு முன்னால்

வெஸ்னா, சஸ்காட்செவன்
செவ்வாய்க்கிழமை மாலை

அன்புள்ள டேனிலோ,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் பனி வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருக்கிறது. குவைத் வெயிலில் நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்டால் “ம்” என்று முடித்துவிடுகிறாய், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன், இதில் நீ குறுக்கே பேச முடியாது. எழுதி முடித்ததும் அப்பா போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுவார், தபாலை நம்பினால் தேர்தலே முடிந்துவிடும். கோதுமை முழுக்கக் கொட்டகைக்கு வந்துவிட்டது, கனோலா எண்ணெய்வித்தில்தான் கொஞ்சம் ஈரம். கிழக்கு வயலில் எண்ணெய்ப் பம்பு இன்னும் தலையாட்டிக்கொண்டுதான் இருக்கிறது, அதைப் போய்ப் பார்க்காமல் உன் அப்பாவுக்குக் காலைக் காபி இறங்காது. ஊர் விருந்துக்கு நான் செய்த முட்டைக்கோஸ் சுருள் முதல் பந்தியிலேயே காலி, பக்கத்து வீட்டு அன்னா செய்தது மிச்சம், இதை வேறு யாரிடமும் சொல்லாதே.

உன் அக்கா விஷயத்துக்கு வருகிறேன், முகத்தைச் சுளிக்காமல் படி. காற்றாலைக் கம்பெனியின் தலைமைப் பதவியை விட்டு இறங்கி, இந்த எண்ணெய் ஊரில் சட்டமன்றத்துக்கு நிற்கிறேன் என்று லெஸ்யா சொன்னபோது இவளுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அவள் உழைப்பைப் பார்த்தால் வாயடைத்துப் போகிறது கண்ணா. அறுவடை சமயத்தில் எவன் வீட்டில் இருப்பான், அதனால் வயலுக்கே போகிறாள், ஓடுகிற டிராக்டரில் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு பேசுகிறாள். “காத்தாடிக்காரி வந்துட்டா, தொப்பியப் புடிச்சுக்குங்கடா” என்று கிண்டல் செய்கிறார்கள், அவளும் சேர்ந்து சிரிக்கிறாள். போன வாரம் ஒரு வீட்டுக்கு ஓட்டுக் கேட்கப் போனவள், தானியம் உலர்த்துகிற மோட்டார் ஓடவில்லை என்றதும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, ஓட்டுக் கேட்க மறந்தே வந்துவிட்டாள். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அதையே காபிக் கடையில் நாலு பேரிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை வேட்பாளர்கள் கூட்டம், ஐஸ் தரையில் கல்லை வழுக்கிவிட்டு அதன் முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுவீர்களே, அந்தக் கர்லிங் கிளப் ஹாலில். ஐஸ் இன்னும் போடவில்லை, நாற்காலி போட்டு ஊரே உட்கார்ந்திருந்தது. பம்பு மெக்கானிக் புரோகோப் எழுந்து ஒரு தாளை விரித்தான். ஈஸ்டர் சமயத்தில் ஊர் ஃபேஸ்புக் பக்கத்தில் நீ அக்காவைப் பற்றி எழுதினாயே, அதேதான். நீயும் அவளும் பேச்சை நிறுத்தக் காரணமான அந்த நாலு வரியை அவன் எங்கள் காதுபட நிறுத்தி நிதானமாக வாசித்தான். வாசித்துவிட்டு, “உள்ளூர் ஆளுக்கு வேலைன்னு சொல்லி அக்கா ஊரையே ஏமாத்திட்டாள்னு உன் சொந்தத் தம்பியே எழுதியிருக்கான். அவனையே சமாளிக்க முடியல, எங்கள எப்படிம்மா சமாளிக்கப் போற?” என்றான். ஹாலே சிரித்தது. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தே அவளுடைய கட்சிக்காரப் பையன், தம்பி விவரம் தெரியாமல் கோபத்தில் எழுதிவிட்டான் என்று ஒரு பதிலைத் தயார் செய்து கொடுத்திருந்தானாம். அவள் அதைச் சொல்லவில்லை. “தம்பி எழுதினது நிஜம். காத்தாலையில உள்ளூர் ஆளுங்களுக்குத்தான் வேலைன்னு இதே ஹால்ல நின்னு சொன்னது நான். கடைசியில குறைஞ்ச கூலிக்கு வெளியூர் ஆளுங்களக் கொண்டு வந்தாங்க, அதுல கையெழுத்துப் போட்டதும் நான்தான். மூஞ்சிக்கு நேரா கேட்டவன் அவன் ஒருத்தன்தான், அவனுக்கு நான் பதில் சொல்லாம வாய மூடிக்கிட்டேன். கம்பெனி மனசு வெச்சாத்தான் வேலைன்னு இருக்கக் கூடாது, அது சட்டமா இருக்கணும். அதுக்குத்தான் நிக்கறேன்” என்றாள்.

அப்புறம் பின்வரிசையிலிருந்து கோசாக் கிழவர், அதுவும் எதிர்த்து நிற்பவருக்காக வீடு வீடாக அலைகிறவர், “கல்லு மேல துடைப்பம் பட்டுச்சுன்னு பட்டவளே கையைத் தூக்கிட்டா, இதுக்கு மேல என்னய்யா வேணும், காபிய ஊத்துங்க” என்றார். கர்லிங்கில் ஓடுகிற கல்லைத் துடைப்பம் தொட்டால் தப்பு, ஆனால் நம் ஊரில் அதைப் பார்க்க நடுவர் கிடையாது, தொட்டவர்தான் தானாகச் சொல்ல வேண்டும், சிறுவயதில் நீ சொல்லாமல் மறைத்ததற்கு அவர்தானே உன்னை ஹாலைச் சுற்றி விரட்டினார். வெளியே வரும்போது, “ஓட்டு மட்டும் உனக்கில்ல, தெரிஞ்சுக்கோ” என்றும் அவளிடம் சொன்னார், மனிதர் மாறவே மாட்டார். திரும்பும் வழியில் அப்பா, “நானா இருந்தா மழுப்பியிருப்பேன்” என்றார். ஆயுசு முழுக்க எண்ணெய்க் கிணற்றில் உழைத்த மனிதர், மகளைப் பற்றி இப்படிச் சொன்னதைக் கேட்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை, அழுதுவிட்டேன்.

உன் கோபம் நியாயமில்லை என்று நான் சொல்லவில்லை. அந்த வேலையை நம்பித்தான் நீ இங்கேயே இருக்க நினைத்தாய், கிடைக்காமல்தானே அவ்வளவு தூரம் போனாய். ஹாலில் சொன்னதை அவனிடமே சொல்லடி என்று நேற்று போனை அவள் கையில் கொடுத்தேன். உன் பெயரை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். “இப்போ கூப்பிட்டா ஓட்டுக்காகத்தான் கூப்பிடறேன்னு நினைப்பான்மா, எல்லாம் முடியட்டும்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவளால் முடியாது டேனிலோ, உன்னால் முடியும்.

இடுப்பு வலிக்கு டாக்டரைப் பார், பெட்டி தூக்குகிற வேலைக்கெல்லாம் முன்னால் போய் நிற்காதே, தண்ணீர் நிறையக் குடி. கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், கிறிஸ்துமஸ் மேஜையில் உன்னைப் பார்க்கும்வரை என் கண் வாசலில்தான் இருக்கும். அவளை ஆதரி என்று கேட்க மாட்டேன், அது உன் இஷ்டம். திங்கட்கிழமை ஓட்டு எண்ணுகிறார்கள். ஜெயித்த பிறகு கூப்பிட்டால் ஊரே அவளைக் கூப்பிடும், நீயும் அதில் ஒருவன். தோற்ற பிறகு கூப்பிட்டால் துக்கம் விசாரிக்கிற மாதிரி இருக்கும். அதற்கு முன்னால் கூப்பிட்டால்தான் நீ தம்பி.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா ஸ்டெஃபா