கொட்டகையைக் கைப்பற்றிய வரலாறு

ஏப்ரல் 3

சஃபோக் மாவட்டத்து மக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது: ரூஃபஸ் பெல்லிங்கின் மோவாயில் இன்று காலை முடி முளைத்தது. ஒன்றே ஒன்று. முழு உரிமையும் எனக்கே.

கெட்ட செய்தி: "இனி வீட்டுக்குள்ள ஒரு அடி விழுந்தா டிரம்ஸை வித்துடுவேன்" என்றாள் அம்மா. மிச்சமிருப்பது தோட்டத்துக் கொட்டகை. அது எனக்கு மூத்தவளான டில்டாவுடையது. செப்டம்பரில்தான் லீட்ஸுக்குப் படிக்கப் போகிறாளே என்று கேட்டேன்.

"என் சைக்கிள் எங்கடா தூங்கும், உன் கட்டில்லயா?"

ஏப்ரல் 4

பள்ளியில் விடுமுறைப் பாடமாக ஆளுக்கொரு பழைய ஆங்கிலச் சொல். பூர்வீகம் தேட வேண்டும். எனக்கு 'சீசின்'.

"தும்மல் மாதிரி இருக்கு மிஸ்."

"தும்மி முடிச்சுட்டு நூலகத்துக்குப் போ" என்றார் ஓக்‌ஷாட் மிஸ்.

ஏப்ரல் 5

போனேன். சீசின் என்றால் நிலம் ஒருவர் வசம் இருப்பது. நார்மன்காரர்களோடு பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்கும் முன்னால் ஜெர்மானிய மொழியாக இருக்கலாமாம். அங்கே அறிஞர்களே தடுமாறுகிறார்கள், நான் எம்மாத்திரம்? 'சீஸ்' என்ற ஆங்கில வினைச்சொல்லும் இதே குடும்பம். இன்று அதற்குப் பிடுங்குவது என்று பொருள். அன்று சட்டத்தில், ஒருவர் வசம் ஒப்படைப்பது. தலைகீழ்!

நிலமென்றால் ஒரு மண்கட்டியை, வீடென்றால் கதவுப் பிடியை, சாட்சிகள் முன் கையில் கொடுப்பார்கள். வாங்கியவர் தனியே உள்ளே போய்க் கதவைச் சாத்தி, பிறகு திறந்து மற்றவர்களை உள்ளே விட வேண்டும். முடிந்தது.

ஆகா — கதவுப் பிடி!

ஏப்ரல் 6

வெற்றி! கொட்டகைக் கைப்பிடியின் திருகாணியைத் தளர்த்தி வைத்தேன். டில்டா இழுத்தாள், கையோடு வந்தது.

"சனியன்! இந்தா, நீயே வச்சுக்கோ!"

அம்மா சாட்சி. சட்டத்தை விளக்கினேன். தனியே உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். கொட்டகை என் வசம்!

ஏப்ரல் 9

சரி. ஆறாம் தேதி நடந்ததைக் கதவைச் சாத்தியதோடு நிறுத்தி எழுதியிருக்கிறேன். வெற்றிக் களிப்பில் கைப்பிடியை வெளியே புல்லிலேயே போட்டுவிட்டேன். உள்ளே திருக ஒன்றுமில்லை.

"துரை, கதவைத் திறந்து எங்களை உள்ள விடுங்க!" என்றாள் டில்டா வெளியிலிருந்து.

"திறக்க முடியல."

"அப்போ சட்டப்படி செல்லாதே!"

இருவரும் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். உள்ளே சிலந்தி. பெரிசு. கத்தினேன். டில்டா ஓடி வந்து, புல்லில் கிடந்த பிடியைச் செருகித் திறந்தாள்.

இன்று அவளே பிடியை மாட்டினாள். என் கையை இழுத்து அதன்மேல் வைத்தாள். "சைக்கிள் மூலையில நிக்கும். மத்ததெல்லாம் உனக்கு. அம்மா, நீதான் சாட்சி."

டிரம்ஸ் குடியேறியாயிற்று.

பழஞ்சட்டத்தால் வென்றேன் என்றுதான் மிஸ்ஸுக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் அன்று நான் கத்தியது "டில்டா" என்றல்ல. "அக்கா" என்று. அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அதைக் கேட்டுத்தான் கொடுத்தாள் போல.