பந்தலில் ஒரு கேள்வி

அக்கா,

வெயிலில் காய்ந்த பந்தல் துணிக்கு ஒரு வாசம் உண்டு. இன்று தர்மபுரியில் ஓய்வூதியப் போராட்டத்துக்குப் போய் உட்கார்ந்ததும் அந்த வாசம் வந்தது. கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள்.

பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரே பள்ளியில் பாடம் எடுத்தோம். முன்னதாக வேலைக்குச் சேர்ந்ததால் உங்களுக்குப் பழைய ஓய்வூதியம். பின்னால் வந்த எனக்குச் சம்பளத்தில் பிடிக்கும் புதுத் திட்டம். முதுமையில் கைக்கு என்ன வரும் என்று சொல்ல ஆளில்லை. ஆனாலும் எங்கள் போராட்டங்களுக்கெல்லாம் நீங்கள் வந்தீர்கள்.

"உங்களுக்குத்தான் பென்ஷன் இருக்குதேக்கா, எதுக்கு வெயில்ல காயறீங்க?"

"நீ இங்க காயறப்ப, எனக்கு வூட்ல சோறு எறங்குமா புள்ள?"

ஒருமுறை, மரவள்ளி லோடு இறக்கிவிட்டு உங்கள் அண்ணன் பந்தலுக்கு வந்தார். கோபமில்லாமல்தான் கேட்டார்: "காலமெல்லாம் மண்ணுல கெடக்கறேன் டீச்சரம்மா. எனக்கு வயசானா யாருங்க குடுக்கறது?"

"அது வேற விசயங்கண்ணா" என்றேன். ஆனால் மைக் உங்கள் கைக்கு வந்ததும், "எங்களுக்குக் குடுங்க. எங்கண்ணன மாதிரி ஆளுங்களுக்கு என்ன வழின்னும் சொல்லுங்க. வயசு எல்லாருக்குந்தான ஆவுது?" என்றீர்கள். யாரும் கை தட்டவில்லை. சங்கத்தலைவர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் நான் முகம் கொடுக்கவில்லை. நீங்களே பேச்செடுத்தீர்கள்.

"கோவமா?"

"நமக்கே கெடைக்கல. இதுல ஊருக்கெல்லாம் சேத்துக் கேக்கணுமாக்கா?"

"ஊர உட்டுட்டுக் கேட்டா, ஊரு நம்மகூட நிக்காது."

நிறுத்தம் வந்தது. நீங்கள் என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு இறங்கினீர்கள்.

போன ஆவணியில் நெஞ்சு வலி என்றீர்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஓய்வு பெறும் வயதுகூட ஆகவில்லை. எல்லோரும் பொறாமைப்பட்ட அந்தப் பழைய ஓய்வூதியத்தை நீங்கள் ஒரு மாதம்கூட வாங்கவில்லை. இதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை அக்கா.

இன்று என்னைப் பேசச் சொன்னார்கள். எங்கள் கோரிக்கையைச் சொன்னேன். பிறகு, வயலில் நிற்பவர்களுக்கும் செங்கல் சூளையில் வேகிறவர்களுக்கும் சேர்த்துக் கேட்டேன். முன்வரிசையில் ஒருவர் முகம் சுளித்தார். பின்னாலிருந்து இரண்டு மூன்று பேர் மட்டும் கை தட்டினார்கள்.

அரசாங்கத்தோடு பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை. என்ன கிடைக்கும் என்று தெரியாது. ஆனால் எனக்கு மட்டும் என்று கேட்க இப்போது நாக்கு எழுவதில்லை. அது உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது.