புகைக்குழாயில் பிறந்த கரன்ட்

என் பாசமுள்ள மச்சான்,

மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ஒரு வரிக்கே விரல் வலிக்கிறது. ஆனாலும் சந்தோஷம் ஜாஸ்தி, நிறுத்த முடியவில்லை. நீ இருந்தவரை எனக்கு வரும் காகிதத்தையெல்லாம் நீயே படித்துச் சொன்னாய். நீ கண்ணை மூடிய பிறகுதான், அறுபத்தெட்டு வயதில், எழுதப் படிக்க முதியோர் கல்வி வகுப்பில் போய் உட்கார்ந்தேன். சிரிக்காதே.

உன் மகள் கயல்விழி ஜெயித்துவிட்டாள்.

சிதம்பரத்தில் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று கேட்பதற்குள் நீ போய்விட்டாய். சூட்டைக் கரன்டாக மாற்றும் உலோகக் கலவை, மச்சான். அப்படி ஒரு கலவை ஏற்கெனவே இருக்கிறது. கயல் அதில் இன்னொரு பொருளைத் துளி சேர்த்து மூன்று வருஷமாக உருக்குகிறாள். பழையதில் ஒரு துண்டு, புதியதில் ஒரு துண்டு, இரண்டையும் நம் படகு என்ஜின் புகைக்குழாயில் பக்கத்தில் பக்கத்தில் கட்டினாள். இரண்டுக்கும் மேலே ஒரே ஈரச்சாக்கைப் போட்டாள். புதியது பழையதைத் தாண்டாவிட்டால் இந்தக் கலவையை விட்டுவிட வேண்டும் என்று அவள் பேராசிரியர் சொல்லிவிட்டாராம்.

முகத்துவாரம் தாண்டுவதற்குள் உன் மகளுக்கு வாந்தி வந்துவிடும். அதனால் கரன்டை அளக்கும் மீட்டரும் நோட்டும் என் கையில். "கால் மணிக்கு ஒருவாட்டி ரெண்டு நம்பரையும் எழுது மாமா. நடுவுல எது நடந்தாலும் எழுதிடு" என்றாள்.

முதலில் புதியது நாற்பத்தொன்று, பழையது முப்பது. பாடிக்கொண்டே எழுதினேன். பிறகு புதியது மட்டும் இறங்கியது. முப்பத்தைந்து. இருபத்தெட்டு.

உன்னிடம் மறைப்பானேன்? நாற்பத்தொன்று என்றே எழுதிவிடலாமா என்று கை துடித்தது. கடலில் யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் நான் எழுதும் முதல் நோட்டு அது. பொய் எழுத மனசு வரவில்லை.

கரையில் நோட்டைக் கொடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றேன். "மாமா, இது என்னா? சாக்கு நழுவியதுன்னு எழுதியிருக்க?"

"அலையில ஒரு பக்கம் நழுவிடுச்சி. கை சுடாம இருக்கத்தானே அது? எழுதி முடிச்சிட்டுப் போடலாம்னு விட்டுட்டேன்."

மணலில் உட்கார்ந்து சிரித்தாள் பார், அப்படியே உன் சிரிப்பு. ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிரும் இருந்தால்தான் கரன்ட் வருமாம். சாக்கு விலகியது புதிய துண்டின் மேலிருந்து. "கலவை மேல தப்பே இல்ல மாமா. நீ எழுதலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

மறுநாள் சாக்கை வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். திரும்பி வரும்வரை புதியது நாற்பதுக்குக் கீழே இறங்கவே இல்லை! பேராசிரியரே நம் பரங்கிப்பேட்டைக்கு வந்து என் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார். இதே கலவையில் பெரிதாகச் செய்யச் சொல்லிவிட்டார்.

"அப்பா இருந்தா என்னா சொல்லியிருப்பாரு?" என்று கயல் கேட்டாள். என்ன சொல்லியிருப்பாய் மச்சான்?

அடுத்து கடலூர் துறைமுகத்தில் ஒரு விசைப்படகில் கட்டப் போகிறோம். நான்தான் நோட்டோடு ஏறுவேன். நம்பர் ஏறினாலும் இறங்கினாலும் உள்ளதை உள்ளபடி உனக்கு எழுதுவேன். இது சத்தியம்.

உன் மகளின் தாய்மாமன்,
ஏகாம்பரம்