எந்தத் தண்ணியும் போதும்

ஆகஸ்ட் 3

ஆண்டவர் நிழல்ல இருக்கிற என் மகளுக்கு சித்தி எழுதுறது.

சாப்பிடுறியா? போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிற, அதான் பேனாவ எடுத்துட்டேன். கையெழுத்தப் பார்த்துச் சிரிக்காத, எட்டாங்கிளாஸோட நின்ன கை. உங்கம்மா உசுரோட இருந்திருந்தா திட்டியே ரெண்டு வாய் சாப்பிட வெச்சிருப்பா. எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்ல.

"ரெண்டு நாள்ல எடுத்துக்கிறவர் எதுக்கு எனக்குப் பிள்ளையக் குடுத்தாரு"ன்னு அன்னைக்குக் கேட்ட. அப்புறம் யோசிச்சேன். துணைக்கு ஆள் இல்லேன்னு கடவுள் நம்மளப் படைக்கல மகளே. பிதா, சுதன், ஆவி மூணு பேரும் உலகத்துக்கு முந்தியே ஒருத்தர்மேல ஒருத்தர் உயிரா இருந்தவங்க. அந்த அன்பு பொங்கித்தான் நாம வந்தோம். சம்பாரிக்கவோ சாதிக்கவோ இல்ல, அன்புக்குன்னே வந்தோம். அப்போ ரெண்டு நாளும் முழு வாழ்க்கைதான். கடைசி வரைக்கும் நான் அவன் பக்கத்துலயே இருந்தேன். நிம்மதியாத்தான் போனான்.

மாத்திரைய நிறுத்திடாத.

தினமும் உன்ன நெனச்சு முழங்கால் போடுற
சித்தி

ஆகஸ்ட் 9

சித்திக்கு,

தையல் பிரிச்சுட்டாங்க. ஆஸ்பத்திரில அந்த வார்டு நர்ஸைப் பார்த்தேன். கடைசி நேரத்துல பிள்ளைய வெச்சிருந்த கண்ணாடிப் பெட்டிகிட்ட யாருமே இல்லன்னு சொன்னாங்க.

எழுந்திரிக்க முடியாமக் கெடந்தப்போ உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். அவன் கையில உங்க விரல வெச்சிருங்க, எடுக்காதீங்கன்னு. எடுத்தீங்களா?

பிதா சுதன்லாம் வேண்டாம். இதுக்குப் பதில் சொல்லுங்க.

மகள்

ஆகஸ்ட் 12

மகளே,

எடுத்தேன்.

மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது. நர்ஸ் டாக்டரக் கூப்பிட ஓடினா. சாகக் கெடக்குற பிள்ளைக்கு யார் வேணா தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுக்கலாம்னு கோயில்ல சொல்லிக் குடுத்திருக்காங்க. வார்டுக் குழாய்ல மருந்து வாடை. போயும் போயும் இந்தத் தண்ணியிலயான்னு, கீழ குடிதண்ணி பிடிக்க ஓடினேன். ரெண்டு மாடி. டம்ளரோட வந்தா பிள்ளை அடங்கிட்டான். அவன் விரல் மடங்கி இருந்துச்சு. செத்த பிள்ளைக்கு ஊத்தக்கூடாதுன்னு தெரியும். ஊத்துனேன்.

கோயில் சாமியார்கிட்ட போய் அழுதேன். "எந்தத் தண்ணியும் போதுமேம்மா"ன்னாரு. அதுலருந்து சோறு எறங்கல. அன்பப் பத்தி உனக்குப் பக்கம் பக்கமா எழுதுன கை, அவன் தேடுன நேரத்துல டம்ளரத் தூக்கிட்டு மாடிப்படி ஏறிட்டிருந்துச்சு.

சித்தி

ஆகஸ்ட் 20

சித்தி,

நீங்க சொன்ன பொய்யிலதான் இத்தனை நாள் தூங்கினேன். வீட்டுக்கு வராதீங்க.

ஒண்ணு மட்டும் எழுதுங்க, வேற எதுவும் வேண்டாம். ஞானஸ்நானம்னா பேர் சொல்லி ஊத்தணும், அவனுக்கு நாங்க பேரே வைக்கல. யாருன்னு சொல்லி ஊத்துனீங்க?

ஆகஸ்ட் 23

என் மக பிள்ளைன்னு.